இசைக்கு இரண்டு சொல்

நோவி சாத்
11 செப்டம்பர் 1991

மதிப்பிற்குரிய திருமதி லியெர்கா குஷான் அவர்களுக்கு,

தொலைபேசி மூன்று வாரமாக ஸாக்ரெபைத் தொடவே இல்லை. எண்ணைச் சுழற்றினால் நீண்ட மௌனம், பிறகு ஒரு இரைச்சல். உங்கள் ஊருக்குப் பை கட்டுவதை நிறுத்திவிட்டதாக அஞ்சலகத்தில் சொன்னார்கள். எனவே இதை ஹங்கேரியில், பேச் நகரத்தில் இருக்கும் நம் தோழி எதெல்கா அம்மாளுக்கு அனுப்புகிறேன். அவர் உறையை மாற்றி உங்களுக்கு அனுப்புவார். பதிலையும் அவ்வழியே அனுப்பலாம்.

விஷயம் இரண்டு.

முதலாவது என் மகள் நெவெனா. உங்கள் ஊர் இசைக்கல்லூரி தன் விடுதியை மூடியதும் ஆகஸ்டில் அவளை உங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டீர்கள். தாயில்லாத பெண்ணுக்கு நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் நம் இரு குடியரசுகளுக்கும் இடையே சண்டை மூண்டு நெடுஞ்சாலை அடைபட்டுவிட்டது. ரயில் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. வியோலா படிப்பை அடுத்த வருடம் தொடரலாம். அவளை உடனே ஊருக்கு அனுப்பிவையுங்கள். இரண்டு கடிதம் எழுதியும் அவளிடமிருந்து பதில் இல்லை.

இரண்டாவது நம் அகராதி. உங்கள் பதிப்பகம் வெளியிட்ட அறிவிப்பைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி எதெல்கா எனக்கு அனுப்பியிருந்தார். 'இசைச் சொற்களின் அகராதி'. தொகுப்பாசிரியர் என்று ஒரே பெயர், உங்களுடையது. மாதிரிக்கு ஒரு பதிவை அச்சிட்டிருந்தார்கள். எத்தனையோ பதிவுகள் இருக்க, 'இசை' என்ற பதிவைத்தான் எடுத்திருந்தார்கள். அதில் உங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் 'க்ளாஸ்பா' இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் 'முஸிகா' இல்லை.

பன்னிரண்டு வருடம் நாம் சேர்ந்து உழைத்தோம். அந்த ஒரு பதிவுக்கு மட்டும் நாற்பத்தொரு குறிப்பு அட்டைகள். கிரேக்கர்கள் தம் கலைத்தேவியரை மூஸா என்றார்கள். அத்தேவியரின் கலை மூஸிகே. அது ரோமுக்குப் போய், அங்கிருந்து பாரீசுக்கும் பெர்லினுக்கும் மாஸ்கோவுக்கும் போயிற்று. லிஸ்பனில் ரயிலேறி மாஸ்கோவில் இறங்குகிறவர் ஒரே ஒரு சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பிழைக்கலாம் என்றால் அது இதுதான். உங்கள் சொல்லோ, நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஒரு அகராதிக்காரர் தம் மேசையில் உட்கார்ந்து, குரல் என்று பொருள்படும் 'க்ளாஸ்' என்பதிலிருந்து எடுத்துத் தந்தது. அதற்காக அதை நான் ஒதுக்கியதில்லை. இரண்டையும் ஒரே வரியில் வைத்தோம். எதை முதலில் வைப்பது என்று ஒரு மழைநாளில் காசு சுண்டிப் பார்த்தோம். நீங்கள் ஜெயித்தீர்கள்.

இப்போது வரியையே எடுத்துக்கொண்டீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
போரிவோய் யுரிஷின்

ஸாக்ரெப்
23 செப்டம்பர் 1991

போரா,

"திருமதி குஷான் அவர்களுக்கு" என்பதைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேன் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடமாக நீ என்று எழுதியவனுக்கு ஒரு செய்தித்தாள் துண்டைப் பார்த்ததும் நான் நீங்கள் ஆகிவிட்டேனா? நான் மாறுவதாக இல்லை. கோபப்பட எனக்கு 'நீ'தான் வசதி.

அந்த அறிவிப்பை எங்கள் இயக்குநர் என்னைக் கேட்காமல் கொடுத்தார். அச்சுப்படி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தினம் வந்து நிற்கிறார், தினம் எனக்குத் தலைவலி என்கிறேன்.

ஆனால் நீ எனக்கு நியாயம் சொல்லாதே. ஜூன் மாதம் உங்கள் ஊரில் ஐந்து பேர் கூடி, ஐந்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து க்ளாஸ்பாவை நீக்கத் தீர்மானித்தீர்கள். அந்தக் கூட்டக்குறிப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்காதே. கீழே ஐந்து கையெழுத்து. நான்காவது கையெழுத்தின் வாலை நான் ஆயிரம் அட்டைகளில் பார்த்திருக்கிறேன்.

மேசையில் பிறந்த சொல் என்று எவ்வளவு இளக்காரமாக எழுதியிருக்கிறாய்! செக் நாட்டவர்கள் ஹுத்பா என்கிறார்கள். எதெல்காவின் ஊரில் ஸெனெ. ஐஸ்லாந்துக்காரர்கள் ஒலிக்கலை என்று தாங்களே ஒரு சொல் செய்துகொண்டார்கள். கிரேக்கத் தேவியரைக் கும்பிடாததால் இவர்கள் வயலினெல்லாம் அபஸ்வரமாகவா கேட்கிறது? எந்தச் சொல்லையும் யாரோ ஒருவர் முதன்முதலில் சொல்லித்தானே ஆக வேண்டும். உன் சொல்லைச் சொன்னவர் யார் என்று மறந்துபோயிற்று, என் சொல்லைச் சொன்னவரை நினைவிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நெவெனா உன் கடிதங்களைப் படித்தாள். வரமாட்டேன் என்கிறாள். "டிசம்பர்ல தேர்வு இருக்கு அத்தை. அப்பா பயப்படறதுக்கெல்லாம் நான் ஓட முடியாது" என்றாள். உன் பிடிவாதம்தான், வேறு எங்கிருந்து வரும்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து நீ கத்தக்கூடாது. இங்கே ஒரு வாரமாக அபாயச் சங்கு ஊதுகிறது. பட்டப்பகலில், அடுப்பில் சூப்பு கொதிக்கும்போது. கட்டடத்தில் எல்லாரும் நிலவறைக்கு இறங்க வேண்டும். முதல் மாடியில் இருக்கும் டிராம் ஓட்டுநர் வின்கோ ஹொர்வாத்தைக் கட்டடக் காவலராகப் போட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர். ஆனால் கையில் பட்டியல் வந்ததும் மனிதர்கள் கொஞ்சம் மாறித்தான் போகிறார்கள். நெவெனாவைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு, புதுசா இருக்கே?" என்றார். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அண்ணன் மக. ஓசியெக்ல இருந்து வந்திருக்கா."

எங்கள் தரப்பு ஊர்ப் பெண், நெவெனா குஷான் என்று எழுதிக்கொண்டார். அவள் விறுவிறுவென்று மாடி ஏறினாள். கதவைச் சாத்தியதும், "என் பேர என்னக் கேக்காம எப்படி மாத்தலாம்?" என்றாள். வின்கோவின் மனைவி ரோஸா எங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள் என்றும், அவர்களுடைய ஒரே பையன் திஹோமிர், உங்கள் தரப்புப் படை சூழ்ந்திருக்கும் உவுகோவார் நகரச் சண்டையில் இருக்கிறான் என்றும் நான் சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பாடம் நடத்துகிறேன். ரொட்டிக்கு எங்கள் சொல், ரயிலுக்கு எங்கள் சொல், இசைக்கு எங்கள் சொல். சொற்களைச் சேர்த்துவைப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் ஒரு பெண்ணின் வாயிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

லியெர்கா

நோவி சாத்
9 அக்டோபர் 1991

லியெர்கா,

முந்தாநாள் உங்கள் மேல்நகரத்தில் குண்டு விழுந்ததாக வானொலியில் சொன்னார்கள். உன் வீட்டிலிருந்து அந்த இடம் பன்னிரண்டு நிமிட நடை. நாம் எத்தனை முறை நடந்திருக்கிறோம். நீ நலமா, அவள் நலமா, ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த வரியை மட்டும் எழுது.

ஜூன் மாதத்தைப் பற்றிக் கேட்டாய். கேட்டது சரிதான். எதிரில் இருந்தவர், க்ளாஸ்பா போன போரில் பாசிஸ்டுகள் உண்டாக்கிய சொல் என்றார். அது பொய் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். அது எந்த ஆண்டு எந்த அகராதியில் வந்தது என்ற அட்டை என் கையெழுத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் வீரர்கள் பெருமையோடு மடியில் வைத்து வில்லால் இழுக்கும் குஸ்லே வாத்தியத்தின் பெயரும் செக் நாட்டவர்களின் ஹுத்பாவும் ஒரே வேரில் பிறந்தவை, இந்தச் சொற்களுக்கு எல்லைக்கோடு போட்டால் முதலில் நம் வீடுதான் இரண்டாகும் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். தலைவர், "ஆட்சேபம் உண்டா?" என்றார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. தாள் என் பக்கம் வந்தது. போட்டேன்.

இதை நான் அஞ்சலில் போடவில்லை. எதெல்காவின் உறவுக்காரர் ஒருவர் சுபோதிட்ஸாவிலிருந்து எல்லை தாண்டுகிறார், அவர் கையில் கொடுக்கிறேன். காரணம் உண்டு. போன வாரம் என் அறைக்கு ஒருவர் வந்தார். பெயர் சொல்லவில்லை, தொப்பியையும் கழற்றவில்லை. உன் செப்டம்பர் கடிதத்தின் நகலை மேசையில் வைத்தார். அதன் ஓரத்தில் யாரோ சிவப்பில் கோடிட்டிருந்தார்கள்.

"உங்க பொண்ணு அங்க வேற பேர்ல இருக்காளாமே" என்றார்.

நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். ஞாயிறு பதிப்புக்கு. க்ளாஸ்பா எப்படிப் பாசிஸ்டுகளின் சொல் என்று, என்னைப் போன்ற அறிஞர் ஆதாரத்தோடு எழுதினால் எடுபடும் என்றார். எழுந்து போகும்போது, "நீங்க எழுதுங்க சார். உங்க பொண்ணப் பத்தி நாங்க ஏன் வாயத் தொறக்கப்போறோம்?" என்றார்.

அவளுடைய பொய்ப் பெயர் அவர்கள் பத்திரிகையில் ஒரு வரி வந்தால் உன் கட்டடத்தில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லியெர்கா, அவளை எப்படியாவது பேச் நகரம்வரை கொண்டுவந்து சேர். நான் அங்கே வந்து நிற்கிறேன். அதுவரை கட்டுரைக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி நாள் கடத்துகிறேன்.

போரா

ஸாக்ரெப்
26 அக்டோபர் 1991

போரா,

இருவரும் நலம். நீ கேட்ட வரி இதுதான். இனி வருவது நீ கேட்காதது, அதனால் நானும் அஞ்சலில் போடாமல் ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சங்கு ஊதியது. நிலவறையில் நாங்கள் முப்பது பேர். குழந்தைகள் அழுதன. ரோஸா இப்போதெல்லாம் யாரோடும் பேசுவதில்லை. மூன்று வாரமாகத் திஹோமிரிடமிருந்து கடிதம் இல்லை. அன்றைக்கு அவளே நெவெனாவைப் பார்த்து, "எதாச்சும் வாசிம்மா, புள்ளைங்க அழுகை தாங்கல" என்றாள். நெவெனா பெட்டியைத் திறந்து வியோலாவுக்குச் சுருதி கூட்டினாள். பக்கத்துக் குழந்தையின் மூக்கைத் தொட்டு, இப்ப நாம கொஞ்சம் முஸிகா கேக்கலாமா என்றாள்.

ஸாக்ரெபிலும் அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. அது மட்டும் என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் அதை உன்னைப் போலவே, நோவி சாத்தின் இழுவையோடு, வாக்கியம் முழுக்க உங்கள் ஊர் வாடையோடு சொன்னாள். ஒரு மாதம் நான் நடத்திய பாடமெல்லாம் அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்ததும் போயிற்று.

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அழுத குழந்தைகள்கூட நிறுத்திவிட்டன.

ரோஸாதான் முதலில் பேசினாள். "நீ ஓசியெக் இல்ல."

நான் எழுந்தேன். நெவெனா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "இல்ல, நோவி சாத்" என்றாள். "எங்கப்பா அங்க இருக்கார். பொய் சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க."

"எம் பையன் மேல குண்டு போட எந்த ஊர் வழியா போறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

நெவெனா வில்லின் நாரைத் தளர்த்தி, வியோலாவைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். அவசரமே இல்லாமல் செய்தாள், போரா. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. வின்கோ வந்து அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், "எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, லியெர்கா" என்றார்.

மறுநாள் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டு மூன்று மணிநேரம் விசாரித்தார்கள். ஏன் மறைத்தாய், யாருக்குக் கடிதம் எழுதுகிறாய், இரவில் விளக்கு ஏன் எரிந்தது. அவளையும் விசாரிக்க வேண்டும், திங்கட்கிழமை கூட்டி வா என்றார்கள். நேராகப் பதிப்பகத்துக்குப் போனேன். இயக்குநருக்கு எனக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. அமைச்சகத்தில் அவருக்கு ஆள் உண்டு. கதவைச் சாத்தி, காபி வரவழைத்துவிட்டுச் சொன்னார்: "அச்சுப்படில கையெழுத்துப் போடுங்க. பொண்ணுக்குப் பயண அனுமதி என் பொறுப்பு. திங்கக்கிழமைக்குள்ள அவ அடையாள அட்டையும் உங்க கைல இருக்கும்."

போட்டேன். முஸிகா போயிற்று. உன் பெயரும் போயிற்று. நீ பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். நான் நல்ல பேனாவால், நிதானமாக, தேதியோடு போட்டேன்.

அவளுக்கு இது தெரியாது. சொல்லாதே. நவம்பர் 2ஆம் தேதி, சனிக்கிழமை ரயில். எல்லை வரை நானும் வருகிறேன். மறுநாள் நீ பேச் நகரத்தில் இருக்க வேண்டும்.

லியெர்கா

நோவி சாத்
30 அக்டோபர் 1991

இருப்பேன். கட்டுரையை எழுத மாட்டேன் என்று இன்று காலை சொல்லிவிட்டேன். மதியம் என் அறைப் பூட்டை மாற்றிவிட்டார்கள். அட்டைப் பெட்டிகளை அதற்கு முன்பே இரண்டு நடையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீ போட்ட கையெழுத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்ல எனக்கு வாய் இல்லை.

போரா

ஸாக்ரெப்
4 நவம்பர் 1991

போரா,

நேற்று மாலை எதெல்கா எங்கள் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தார். வந்து சேர்ந்தாள் என்ற இரண்டு சொல். அதைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

ரயிலில் நடந்ததை அவள் உன்னிடம் எப்படிச் சொன்னாளோ, நான் சொல்கிறேன். எல்லைக்குச் சற்று முன், கொப்ரிவ்னிட்ஸா நிலையத்தில் வண்டியை நிறுத்தினார்கள். நாற்பது நிமிடம். எங்கள் பெட்டிக்கு ஒரு சிப்பாய் ஏறினான். முப்பது வயதுக்குள், கழுத்தில் ஜெபமாலை, தோளில் துப்பாக்கி, கண்ணில் தூக்கமே இல்லை. எதிர் இருக்கைக் கிழவரின் பையைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினான். பிறகு நெவெனாவின் தாளை வாங்கினான். பிறந்த ஊர் என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. எடுக்கவே இல்லை.

"நோவி சாத்" என்றான்.

"ஆமாம்."

"பெட்டியில என்ன?"

"வியோலா."

"தொற."

திறந்தாள். துப்பாக்கி முனையால் துணியை விலக்கிப் பார்த்தான். அடுத்த கேள்வி என்ன படிக்கிறாய் என்றுதான் வரும், அவள் எந்தச் சொல்லைச் சொல்வாளோ என்று அவள் வாயையே பார்த்தேன். எங்கள் சொல்லைச் சொன்னால் நடிப்பு என்பான். உங்கள் சொல்லைச் சொன்னால் இறக்கிவிடுவான். ஒரு மொழியில் ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருக்கிறது என்று பெருமையாக முன்னுரை எழுதினோமே, போரா. அந்த நிமிடம் அவளுக்கு ஒன்றுகூட இல்லை.

அவன் கேட்கவில்லை. குனிந்து அந்த வாத்தியத்தை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு அவனுடைய ஸாகோரியே மலைப் பேச்சில், "அட, முஷிகாஷா நீ?" என்றான். "எங்க ஊர்ல முஷிகாஷ் வரலேன்னா கல்யாணமே நடக்காது. பொண்ணு வரலேன்னாக்கூட சமாளிச்சுக்குவாங்க." அவனே தன் நகைச்சுவைக்கு லேசாகச் சிரித்தான். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனான்.

முஷிகாஷ், அதாவது வாத்தியக்காரர். முஸிகாவைத் தவிர வேறென்ன அது? எங்கள் மலைக்கிராமத்தில் பிறந்து, எங்கள் கொடியைச் சட்டையில் தைத்துக்கொண்டு, எங்களுக்காகச் சாகத் தயாராக நிற்கிறவனின் வாயில் அது இருக்கிறது. அதை அந்நியச் சொல் என்று நீக்கி நான் அச்சுக்கு அனுப்பி பத்து நாள்தான் ஆகியிருந்தது. நெவெனா என் தோளில் சாய்ந்து அழுதாள். பயம் தெளிந்த அழுகை. நான் எதற்கு அழுதேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த நிலையத்தில் நான் இறங்கிக்கொண்டேன்.

லியெர்கா

நோவி சாத்
20 நவம்பர் 1991

லியெர்கா,

நீ சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். எதெல்காவின் சமையலறையில், இரண்டாம் நாள் காலை. அவளாகவே கேட்டாள்: "அத்தை எதக் கொடுத்து என்ன வெளிய எடுத்தாங்க?" பொய் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அது வராது என்று உனக்குத் தெரியும்.

கேட்டுவிட்டு, பாலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு ஜூன் மாதத்தில் நான் கையெழுத்துப் போட்டது உண்மையா என்றாள். ஆமாம் என்றேன். உன் வீட்டில் அந்த நகலை எப்போதோ பார்த்திருக்கிறாள். மூன்று மாதம் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் என் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்திருக்கிறாள்.

"நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சின்ன வயசுல இருந்து அந்த அட்டையெல்லாம் காட்டிக் கதை சொன்னீங்க. நான் அதை நம்பினேன் அப்பா" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னோடு வர மறுத்துவிட்டாள். ஸாக்ரெபுக்கும் திரும்ப மாட்டாள். எதெல்கா அவளைத் தன்னுடனேயே வைத்துக்கொள்கிறார். அங்குள்ள கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். இப்போதைக்கு அவள் ஹங்கேரிய மொழி படிக்கிறாள். ஒரு சொல்லும் தப்பாகிவிடாத ஊரில் எல்லாச் சொல்லையும் தப்பாகச் சொல்லிக்கொண்டு இருக்கப்போகிறேன் என்றாள். உனக்குத் தனியாக எழுதுவாளாம். எப்போது என்று சொல்லவில்லை. நீ வற்புறுத்தாதே.

உவுகோவார் விழுந்ததை இங்கே தெருவில் கொண்டாடினார்கள். நான் சன்னலைச் சாத்திக்கொண்டேன். உன் கீழ்வீட்டுப் பையனை நினைத்தேன்.

போரா

ஸாக்ரெப்
15 டிசம்பர் 1991

போரா,

அகராதி வந்துவிட்டது. அழகான அட்டைக்கட்டு, நல்ல தாள். விழாவில் என்னை மேடையில் உட்காரவைத்துப் பூங்கொத்து கொடுத்தார்கள். உனக்குப் பிரதி அனுப்ப மாட்டேன். நான் எழுத உட்கார்ந்தது அதற்கல்ல.

நேற்றுக் காலை ரோஸா என் கதவைத் தட்டினாள். நிலவறையில் நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை. எங்களைக் காட்டிக்கொடுத்தது அவள்தானோ என்று நானும் அவளை நேராகப் பார்த்ததில்லை. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். "அந்தப் பொண்ணு நல்லபடியா போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவங்கப்பா எப்படிப்பட்டவரு?" என்றாள்.

உவுகோவார் மருத்துவமனைப் பக்கம் திஹோமிரை உயிரோடு பார்த்ததாக ஒருவன் சொல்லியிருக்கிறான். பிடித்துக்கொண்டு போனவர்களை உங்கள் பக்கத்தில், பானாத் சமவெளியில் ஏதோ ஒரு மாட்டுப்பண்ணையில் வைத்திருக்கிறார்களாம். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லா அலுவலகங்களிலும் அவள் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

"அவரக் கேட்டுப் பாக்கச் சொல்லுவியா?" என்றாள். அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை.

திஹோமிர் ஹொர்வாத், வயது இருபத்து மூன்று. டிராம் தொழிலாளர்களின் பித்தளை வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவன். இடது புருவத்தில் தழும்பு. இதைக் கேட்க எனக்கு உன்னிடம் உரிமை இல்லை. உனக்கு இது ஆபத்து என்றும் தெரியும். கேட்கிறேன்.

லியெர்கா

நோவி சாத்
23 ஜனவரி 1992

லியெர்கா,

இதை மேற்கொண்டு படிக்காதே. முதலில் கீழே இறங்கிப்போய் ரோஸாவிடம் சொல்: பையன் உயிரோடு இருக்கிறான். நான் கண்ணால் பார்த்தேன், அவனோடு பேசினேன். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

அந்த மாட்டுப்பண்ணைக்கு மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறை வாசலிலேயே விரட்டினார்கள். மூன்றாம் முறை, என்னிடம் எப்போதோ படித்த ஒருவன் அங்கே மருத்துவனாக இருப்பது தெரிந்து, அவன் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்தேன். ஒரு சின்ன அறை, கணப்பு, மேசைக்குப் பின்னால் பதிவேட்டோடு ஒரு இளம் எழுத்தர். பட்டியலில் அந்தப் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் கொத்தனார். இன்னொருவன் பெயருக்கு எதிரில், தொழில் என்ற இடத்தில் கைதியே தன் கையால் எழுதியிருந்தான். அந்தத் தாளை எழுத்தர் என் பக்கம் திருப்பினார். க்ளாஸ்பெனிக்.

"இது என்ன வேல?" என்றார். தெரியாமல் கேட்டாரா, என்னைச் சோதிக்கக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. காவலர்கள் இருவர் கணப்பருகே நின்றிருந்தார்கள்.

"இசைக்கலைஞன்" என்றேன். "நம்ம மொழிச் சொல்தான். நல்ல சொல்."

அவர் என் பெயர், முகவரி, தொழில் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு காவலனிடம் தலையசைத்தார்.

பத்து நிமிடம் கொடுத்தார்கள், கம்பிவேலிக்கு இப்பாலும் அப்பாலுமாக. மெலிந்திருக்கிறான், தலையை மழித்திருக்கிறார்கள், புருவத்தில் தழும்பு இருக்கிறது. அம்மாவுக்கு இருமல் விட்டதா என்று கேட்டான். அப்பா இன்னும் பதினோராம் எண் டிராம்தான் ஓட்டுகிறாரா என்று கேட்டான். கைதிகளைப் பரிமாறிக்கொள்ளப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும், தன் பெயர் அதில் இருக்கலாம் என்றும் சொன்னான். கம்பளிக் காலுறை வேண்டுமாம். மருத்துவன் மூலம் நாளை அனுப்புகிறேன்.

பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினான். குளிருக்கு என்று நினைத்தேன். கிளம்பும்போது கையை எடுத்துக் காட்டினான். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. உதடு கிழிந்து, தைக்காமலே ஆறியிருக்கிறது. ட்ரம்பெட்காரனுக்குப் பல்லும் உதடும் போனால் என்ன ஆகும் என்பதை உனக்கு நான் எழுத வேண்டாம். "அம்மாகிட்ட இத மட்டும் சொல்லாதீங்க, நான் வந்து சொல்லிக்கறேன்" என்றான்.

அதனால்தான் உன்னை முதலில் கீழே போகச் சொன்னேன். இதைப் படித்த முகத்தோடு நீ போய் நின்றிருந்தால் ரோஸா கண்டுபிடித்திருப்பாள்.

போரா